வன்னியில் நின்று இடிமுகில் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு

முதலில் ஒன்று. இடியும் மின்னலும் தலைக்கு மேலே வந்த பிறகு பார்க்க ஒன்றும் கிடையாது. வானம் முழுக்க ஒரே சாம்பல், கண் முன்னே மழைத்திரை, நடுநடுவே கண்ணைப் பறிக்கிற வெளிச்சம், அவ்வளவுதான். அந்த முகிலின் உயரம், அதன் தலை விரிகிற விதம், அடியில் மழை தொங்குகிற இடம், உள்ளுக்குள்ளே மின்னல் ஓடுகிற பாதை எல்லாம் அது 20, 30 கிலோமீற்றர் தள்ளி நிற்கும்போதுதான் தெரியும். ஆகவே வானம் பார்க்கிறவருக்கு வேலை இருப்பது மழைக்கு முந்திய இரண்டு மூன்று மணித்தியாலத்திலும், மழை விட்ட பிறகு கிடைக்கிற அரை மணித்தியாலத்திலும்தான். நடுவில் உள்ளே போய் இருந்துவிட வேண்டும். கீழே நான் சொல்லப்போவது எல்லாம் இதைச் சுற்றித்தான்: முகில் உங்களிடம் வருவதற்கு முன்பே நீங்கள் அதைப் பார்த்துவிடுங்கள்.

எனக்கு இந்த ஆசை சின்ன வயதிலேயே பிடித்தது, இன்னும் விடவில்லை. பின்னேரம் ஒரு பக்கம் இருட்டிக்கொண்டு வந்தால் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்க்காமல் இருக்க முடியாது. அந்த ஆசைக்கு இலங்கையின் வடக்கே உள்ள வன்னி நல்ல தோதான இடம். சமதரை, மலை எதுவும் மறைக்காது. கிழக்கே ஒரு கடல், மேற்கே ஒரு கடல். இடையில் காடு இருக்கிறது, காட்டுக்குள்ளே நின்றால் வானம் தெரியாது என்பது உண்மைதான், ஆனால் எந்தக் காட்டுக்கும் பக்கத்தில் ஒரு குளம் இருக்கும், குளத்துக்கு ஒரு கட்டு இருக்கும். இரவில் ஊர் வெளிச்சமும் குறைவு.

எந்தக் காலம், எந்த நேரம்

வருடத்தில் இரண்டு காலம் முக்கியம். மார்ச், ஏப்ரல் ஒன்று; ஒக்டோபர், நவம்பர் முற்பகுதி மற்றது. இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட காலங்கள் இவை. அப்போது பெருங்காற்று எதுவும் இல்லாததால் அந்தந்த இடத்து வெய்யிலும் கடற்காற்றும் தங்கள் இஷ்டத்துக்கு வேலை செய்யும். நடப்பது இதுதான்: காலை வெய்யில் ஏற ஏறத் தரை சூடாகிறது, கடல் அவ்வளவு சீக்கிரம் சூடாவதில்லை. 10, 11 மணிக்குப் பிறகு முல்லைத்தீவுப் பக்கமிருந்தும் மன்னார்ப் பக்கமிருந்தும் கடற்காற்று உள்ளே வரத் தொடங்கும். இரண்டும் நடுவில் எங்கோ, மாங்குளம், ஒட்டுசுட்டான், நெடுங்கேணி என்று அன்றைக்கு அன்றைக்கு ஓர் இடத்தில், ஒன்றோடொன்று முட்டும். முட்டிய காற்றுக்கு மேலே எழும்புவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த எழுச்சிதான் பின்னேரத்து இடிமுகில்.

மே தொடங்கிச் செப்ரெம்பர் வரை கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடித்து நிலத்தை வறட்டும். அந்தக் காலத்தில் தூசி நிறைந்த சிவப்பு அந்திவானம் கிடைக்கும், எப்போதாவது ஒரு நாள் இடிமழையும் வரும். டிசம்பரிலிருந்து வாடை, அதாவது வடகிழக்குக் காற்று. வாடை மழை மணிக்கணக்காகப் பெய்யும், முகில் வானத்தை மூடித் தட்டையாகக் கிடக்கும், வயலுக்கு நல்லது, பார்க்கிறவருக்கு அவ்வளவு இல்லை. ஆனால் நவம்பரும் டிசம்பரும் தாழமுக்கம், புயல் காலம். அதற்குத் தனியாக வருகிறேன்.

இடி வரப்போகிற நாளைக் காலையிலேயே ஓரளவு பிடிக்கலாம். புழுக்கம் எல்லாருக்கும் தெரிந்த அடையாளம். அதைவிட நம்பத்தக்கது ஒன்று உண்டு: காலை 7, 8 மணிக்கு நடுவானத்தில் பார்த்தால் ஒரே வரிசையில் சின்னச் சின்னக் கோபுரமாக முகில் எழும்பியிருக்கும், அடி தட்டையாக இருக்கும், ஒரு மணித்தியாலத்தில் அது கரைந்தும் போய்விடும். மேலே உள்ள காற்று அமைதியாக இல்லை, எழும்புகிற முகிலை அது தடுக்காது என்பதற்கு அது அடையாளம். அப்படி ஒரு காலையைக் கண்டால் நான் பின்னேரத்து வேலைகளை ஒதுக்கி வைத்துவிடுவேன். தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை வரும் என்று ஊரில் சொல்வதையும் கவனியுங்கள். பூச்சிகளுக்குக் காற்றின் ஈரம் எங்களை விட முன்னதாகத் தெரிகிறது என்பது என் எண்ணம்.

முகில் வளர்வதை எப்படிப் பார்ப்பது

பகல் 12 மணிக்குப் பிறகு முகிலின் ஓரத்தைப் பாருங்கள், நடுவைப் பார்க்க வேண்டாம். ஓரம் பூக்கோவா மாதிரி கெட்டியாக, வெட்டி வைத்தது போலத் துலக்கமாக இருந்தால் அந்த முகில் இன்னும் வளர்கிறது. ஓரம் பஞ்சடைந்து மங்கினால் ஒன்று அது சாகிறது, அல்லது உச்சி பனிக்கட்டித் துகளாக உறைந்துவிட்டது. உறைந்தது என்றால் சற்று நேரத்தில் தலை தட்டையாகி இரண்டு பக்கமும் விரியத் தொடங்கும். பட்டடை முகில் என்று சொல்வது இதைத்தான். எங்கள் அகலாங்கில் வளிமண்டலத்தின் கீழ் அடுக்கு 16, 17 கிலோமீற்றர் உயரம் வரை போகிறது. முகில் அந்த மூடியில் போய் முட்டித்தான் பக்கவாட்டில் பரவுகிறது. எவரெஸ்ட் 8.8 கிலோமீற்றர்தான். ஒட்டுசுட்டானுக்கு மேலே ஒரு பின்னேரம் எழும்பி நிற்கிற முகில் கிட்டத்தட்ட இரண்டு எவரெஸ்ட் உயரம் என்பதை அதைப் பார்த்துக்கொண்டே யோசியுங்கள். எனக்கு இன்றைக்கும் அந்த நினைப்பு வந்தால் மெய் சிலிர்க்கும்.

பட்டடை எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்கம்தான் மேல்காற்று போகிறது. முகிலும் பெரும்பாலும் அந்தப் பக்கம் நகரும், ஆனால் எப்போதும் இல்லை. எனவே அது உங்களிடம் வருகிறதா, விலகுகிறதா என்பதை வேறு விதமாகச் சரிபார்க்க வேண்டும். அசையாமல் ஓர் இடத்தில் நில்லுங்கள். தூரத்தில் ஒரு பனையையோ மின்கம்பத்தையோ குறியாக எடுங்கள். முகிலின் கறுத்த அடிப்பகுதி அந்தக் குறிக்கு இடமாகவோ வலமாகவோ நகர்ந்தால் அது உங்களைக் கடந்து போகப்போகிறது. குறியை விட்டு நகராமல் பெரிதாகிக்கொண்டே வந்தால் அது நேரே உங்களிடம்தான் வருகிறது. பத்து நிமிடம் பொறுமையாகப் பார்த்தால் போதும்.

கைத்தொலைபேசியில் செய்மதிப் படம் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். விண்டி, சூம் ஏர்த் என்கிற தளங்கள் இரண்டும் இலவசமாகவே போதுமான அளவு காட்டும். பிளிட்சோர்டுங் என்கிற தளம் உலகமெங்கும் விழுகிற மின்னலை உடனுக்குடன் புள்ளியாகக் காட்டுகிறது. இந்திய வானிலைத் துறையின் காரைக்கால் ராடர் படமும் வடக்குக்கு ஓரளவு உதவும். ஆனால் முல்லைத்தீவு காரைக்காலிலிருந்து 200 கிலோமீற்றருக்கும் கொஞ்சம் கூடத் தூரம், பூமி வளைந்திருப்பதால் அந்தத் தூரத்தில் ராடரின் கதிர் முகிலின் அடியை விட்டு உயரத்தில்தான் படும். அடியில் பெய்கிற மழை தப்பிவிடலாம். ஆகவே படத்தில் ஒன்றும் இல்லை என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம்.

எங்கே நிற்பது

இதில்தான் வன்னியின் அருமை. இடிமுகில் நடுவில் எழும்புகிறது, நீங்கள் எந்தக் கரையில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்துக் காட்சி முழுதாக மாறிவிடும். பின்னேரச் சூரியன் மேற்கே. மன்னார்ப் பக்கம், கட்டுக்கரைக் குளத்தடியில் நின்று கிழக்கே பார்த்தால் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும். முகில் முழுக்க முன்பக்கமாக வெளிச்சம் பட்டு, 5 மணிக்கு வெள்ளை, 6 மணிக்கு மஞ்சள், சூரியன் இறங்க இறங்கச் செம்மஞ்சள், பிறகு உச்சி மட்டும் சிவந்து அடி நீலமாகும். ஒவ்வொரு மடிப்பும் எண்ணலாம் போலத் தெரியும். அதே முகிலை முல்லைத்தீவுப் பக்கம் நந்திக்கடல் கரையில் நின்று மேற்கே பார்த்தால் சூரியன் அதற்குப் பின்னால். முகில் கறுத்து நிற்கும், ஓரத்தில் மட்டும் வெள்ளிக் கோடு ஓடும், இடுக்குகளால் கதிர் கதிராக வெளிச்சம் இறங்கும், அது கீழே பரவைத் தண்ணீரிலும் விழும். நிறம் வேண்டுமென்றால் மேற்குக் கரை, உருவமும் பயமும் வேண்டுமென்றால் கிழக்குக் கரை. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் நந்திக்கடலைச் சொல்வேன். வட்டுவாகல் பாலத்தில் மட்டும் வாகனத்தை நிறுத்த வேண்டாம், அது ஒடுக்கமான பாலம், போகிறவர்களுக்கு இடைஞ்சல். கரைக்குப் போய் நில்லுங்கள்.

இரணைமடுக் குளம் நடுவில் இருக்கிறவர்களுக்கு. அதன் கட்டு வடக்கு முனையில் இருக்கிறது, தண்ணீர் தெற்கே நீண்டு கிடக்கிறது. கட்டிலிருந்து பார்த்தால் மாங்குளப் பக்கத்து வானம் அப்படியே திறந்திருக்கும், முகில் பாதித் தண்ணீரிலும் தெரியும். ஆனையிறவு இன்னும் திறந்த இடம், இரண்டு பக்கமும் வெறும் வெளி. பூநகரிப் பக்கத்து வயல்வெளியும் சங்குப்பிட்டிக் கரையும் மேற்கு அந்திவானத்துக்கு நல்லவை. முத்தையன்கட்டு, வவுனிக்குளம், தண்ணிமுறிப்பு என்று உங்கள் ஊருக்குக் கிட்ட உள்ள கட்டை முதலில் பழகுங்கள். எந்தத் திசையில் எந்த ஊர் என்பது மனப்பாடமாக இருந்தால்தான் முகில் எங்கே நிற்கிறது என்று சொல்ல முடியும்.

புதிய இடம் தேடிப் பற்றைக்குள் இறங்க வேண்டாம். இன்னும் மிதிவெடி அகற்றி முடியாத இடங்கள் இருக்கின்றன. சிவப்புப் பலகையும் மண்டையோடும் கண்டால் வந்த அடியிலேயே திரும்புங்கள், பலகை இல்லாவிட்டாலும் நடந்து பழகிய பாதையை விட்டு விலக வேண்டாம். பொழுதுபட்டால் யானை வரும், ஒட்டுசுட்டான் பக்கமும் நெடுங்கேணிப் பக்கமும் மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குளத்து ஓரத்தில் முதலை இருக்கும்.

எப்போது இறங்கி ஓட வேண்டும்

நல்ல காட்சி கிடைக்கிற இடமெல்லாம் மின்னலுக்கும் நல்ல இடம். குளக்கட்டில், வயல் நடுவில், கடற்கரையில் நீங்கள்தான் உயரம். ஆகவே மின்னலுக்கும் இடிக்கும் இடையில் எண்ணப் பழகுங்கள். ஒலி ஒரு கிலோமீற்றர் வர ஏறத்தாழ 3 விநாடி எடுக்கும். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்கி, 30க்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீற்றருக்குள் நிற்கிறது. அடுத்த மின்னல் உங்கள் தலையில் விழலாம். பட்டடையின் ஓரத்திலிருந்து புறப்படுகிற மின்னல் மழை பெய்கிற இடத்துக்கு வெகு தூரத்தில், மேலே நீல வானம் தெரிகிற இடத்திலேயே வந்து விழுவதும் உண்டு. மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் 30 வரை காத்திருக்கவே வேண்டாம், முதல் இடி காதில் விழுந்ததும் கட்டை விட்டு இறங்கிக் கல்வீடு ஒன்றுக்குள் போங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும் வரை வெளியே வர வேண்டாம். மழை விட்டுவிட்டதே என்று சொல்லி வெளியே வந்த பிறகுதான் பலர் அடிபடுகிறார்கள்.

கண்ணாடி ஏற்றிய கார், வான், பஸ் பாதுகாப்பு. முச்சக்கர வண்டி பாதுகாப்பு இல்லை. வயற்கொட்டில், பஸ் தரிப்பிடம், ஓலைக் கொட்டகை எதுவும் மழையைத் தடுக்கும், மின்னலைத் தடுக்காது. தனிப் பனைக்கோ மருத மரத்துக்கோ கீழே ஒதுங்குவது எல்லாவற்றிலும் மோசம்: மரத்தில் விழுந்தது பக்கத்தில் நிற்கிறவருக்குப் பாயும், வேர் வழியாக நிலத்தில் பரவிக் காலாலும் ஏறும். வீட்டுக்குள்ளே ரீவி, குளிர்சாதனப் பெட்டியின் செருகிகளை இடி தொடங்க முன்பே கழற்றிவிடுங்கள், தொடங்கிய பிறகு தொட வேண்டாம். அந்த நேரம் குளிக்க வேண்டாம், குழாயைத் தொட வேண்டாம். யாருக்காவது மின்னல் அடித்துவிட்டால் பயப்படாமல் கிட்டப் போகலாம், அவருடைய உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது. மூச்சோ நாடியோ இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள், கூட நிற்கிறவர் அம்புலன்சுக்கு, 1990க்கு எடுக்கட்டும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இங்கே இடி முழங்கினால் இன்றைக்கும் திடுக்கிட்டுக் காதைப் பொத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சத்தம் அவர்களுக்கு வேறு ஒன்றைக் கொண்டு வருகிறது. உங்கள் ஆசையில் அவர்களைக் கூப்பிட்டு முற்றத்தில் நிறுத்த வேண்டாம். எங்கள் வீட்டில் அம்மம்மா இடி நேரம் உள் அறையில்தான் இருப்பா. பக்கத்தில் போய் இருந்து, மின்னல் வெட்டியதும் சேர்ந்து எண்ணுவோம். 4 வந்தது 7 ஆகி, 7 வந்தது 15 ஆனால், "விலகிப் போகுது, அம்மம்மா" என்று சொல்லலாம். வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் இடையில் உள்ள கணக்குத் தெரிந்தால் பயம் முழுதாகப் போகாது, கொஞ்சம் இளகும்.

திண்ணையில் இருந்து பார்ப்பதும் பார்ப்பதுதான். மழை வர ஐந்து பத்து நிமிடத்துக்கு முன் காற்று சட்டென்று திசை மாறி, குளிர்ந்து, மண்வாசனையோடு அடிக்கும். முகிலுக்குள் பெய்த மழை தன்னோடு இழுத்து இறக்கிய குளிர்காற்று நிலத்தில் மோதி முன்னால் ஓடி வருகிறது. அதன் நெற்றியில் சில நாள் நீண்ட கறுத்த தட்டு முகில் ஒன்று வானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வளைந்து வரும், தட்டுக்குக் கீழே பச்சையும் சாம்பலும் கலந்த ஒரு வெளிச்சம். அது தலைக்கு மேலே கடக்கிற அந்த இரண்டு நிமிடத்துக்காக நான் எத்தனை மணித்தியாலமும் காத்திருப்பேன். தகரக் கூரைக்குக் கல் ஏற்றி வைக்காதவர்கள் இந்தக் காற்றைத்தான் பயப்பட வேண்டும். செய்தியில் மினி சூறாவளி என்று வருவதில் ஒரு பங்கு இந்தக் காற்று வேலைதான்.

இரவில்

ஒக்டோபர், நவம்பர் இரவுகளில் முல்லைத்தீவுக் கரையில் கிழக்கே பார்த்தால் கடலுக்கு மேலே சத்தமே இல்லாமல் வெட்டிக்கொண்டிருக்கும். சத்தம் இல்லாததால் அது வேறு வகை மின்னல் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை, தூரம்தான் காரணம். இடியின் ஒலி 15, 20 கிலோமீற்றருக்கு அப்பால் கேட்காது, ஆனால் 15 கிலோமீற்றர் உயரம் எழும்பிய முகிலின் வெளிச்சம் 200 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்தும் அடிவானத்தில் தெரியும். இரவில் தரை குளிர, கடல் சூடாகவே இருக்க, பகலில் நடந்தது திரும்பி நடக்கிறது. அதனால் விடியப்புறம் 3, 4 மணி கடல்மேல் இடிக்கு நல்ல நேரம். மீன்பிடிக்கப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

படம் எடுப்பது இரவில்தான் சுலபம். தொலைபேசியை ட்ரைபோட்டில் பூட்டுங்கள், இல்லாவிட்டால் கல்லோடு சாய்த்து அசையாமல் வையுங்கள். கமராவில் புரோ முறைக்குப் போய் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 8 முதல் 10 விநாடி, குவியம் முடிவிலிக்கு. தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருங்கள், ஏதாவது ஒன்றில் விழும். மின்னல் நடுங்குவது போலத் தெரிவதற்குக் காரணம் ஒரே பாதையில் அது பல தடவை ஓடுவதுதான். நீண்ட நேரம் திறந்திருக்கிற கமராவில் அவை எல்லாம் ஒன்றாகிக் கிளையும் சேர்ந்து விழும். பகலில் இதெல்லாம் சரிவராது, வீடியோ எடுத்து அதிலிருந்து படத்தைப் பிரித்தெடுங்கள்.

நிலவைச் சுற்றிப் பெரிய வட்டம் கண்டால் அதையும் குறித்து வையுங்கள். கையை நீட்டி விரித்துப் பெருவிரலை நிலவில் வைத்தால் சின்னவிரல் கிட்டத்தட்ட அந்த வட்டத்தில் படும். உயரத்து மெல்லிய முகிலில் உள்ள பனிக்கட்டித் துகள் வெளிச்சத்தை 22 பாகை வளைப்பதால் வருவது அது. நவம்பரில் இப்படி வட்டம் வந்து, அடுத்த நாள் முகில் தடித்து, கிழக்கே கடலும் கனத்தால் செய்தியைக் கவனிக்கத் தொடங்க வேண்டும்.

புயல்

புயலை நான் கரைக்குப் போய்ப் பார்ப்பதில்லை, யாரும் போக வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். 1964 டிசம்பர் 22இல் வவுனியாப் பக்கத்தால் குறுக்கறுத்துப் போன புயல்தான் அன்றிரவு தனுஷ்கோடியை அழித்தது. 2008 நவம்பரில் நிஷா வந்தபோது வன்னியில் சனம் இடம்பெயர்ந்து தறப்பாளுக்குக் கீழே இருந்தது. 2018 டிசம்பர் 21, 22இல் புயலே இல்லாமல் கொட்டிய மழையில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்க வேண்டி வந்து, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீடுகள் வெள்ளத்துக்குள் போயின. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நாடு முழுக்க 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. வானத்தின் மேல் எனக்குள்ள ஆசை இவை எல்லாவற்றையும் தெரிந்துகொண்டே இருக்கிற ஆசை. ஆனால் வீட்டுக்குள் இருந்தபடியே ஒரு புயலைப் பின்தொடரலாம், அது அயலுக்கும் உதவும்.

அதற்கு இரண்டு கருவி போதும். ஒன்று காற்று. காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், தாழமுக்கத்தின் நடுப்புள்ளி உங்கள் இடது கைப் பக்கம் இருக்கும். பூமத்திய ரேகைக்கு வடக்கே புயல் இடஞ்சுழியாகச் சுற்றுவதால் இது இங்கே எப்போதும் பொருந்தும். வங்கக்கடலில் கிழக்கே புயல் நிற்கும்போது எங்களுக்குக் காற்று வடக்கிலிருந்து வரும். அது மேற்கே நகர நகரக் காற்றின் திசையை மணிக்கொரு தடவை எழுதுங்கள். வடக்கு, வடகிழக்கு, கிழக்கு என்று மாறினால் புயல் உங்களுக்குத் தெற்கால் போகிறது. வடக்கு, வடமேற்கு, மேற்கு என்று மாறினால் வடக்கால் போகிறது. திசை மாறாமல் பலம் மட்டும் கூடிக்கொண்டு வந்தால் அது உங்களை நோக்கியே வருகிறது. 2020 டிசம்பர் 2 இரவு புரேவி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியது. முல்லைத்தீவுக்கு அது தெற்கால் போன புயல், முதல் கணக்கில் வரும். நடுப்புள்ளி உங்களுக்கு மேலாலேயே போனால் காற்று திடீரென்று நின்று அமைதியாகும். புயல் முடிந்தது என்று வெளியே வர வேண்டாம், சற்று நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து அதே பலத்தோடு அடிக்கும்.

மற்றது வளியமுக்கம். விலை கொஞ்சம் கூடிய தொலைபேசிகள் சிலவற்றில் அமுக்கமானி உள்ளேயே இருக்கிறது, அதைக் காட்டுகிற செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு விஷயம் தெரியாவிட்டால் இது உங்களை ஏமாற்றும்: எங்கள் பக்கத்தில் அமுக்கம் ஒவ்வொரு நாளும் இரண்டு தடவை ஏறி இறங்கும். காலை 10, இரவு 10 மணியளவில் உச்சம், விடியப்புறம் 4, பின்னேரம் 4 மணியளவில் தாழ்வு, இடைவெளி 3 மில்லிபார் அளவில். ஆகவே காலை 10 மணியையும் பின்னேரம் 4 மணியையும் ஒப்பிட்டு இறங்குகிறது என்று பதற வேண்டாம். இன்றைய 4 மணியை நேற்றைய 4 மணியோடு ஒப்பிடுங்கள். அந்தந்த நேரத்துக்கு வழக்கமானதை விட 3 மில்லிபார் குறைந்தால் சந்தேகப்பட வேண்டும், 5 குறைந்தால் புயல் கிட்ட இருப்பது கிட்டத்தட்ட நிச்சயம் என்பது கடலோடிகளின் பழைய கணக்கு.

இவற்றை வைத்து நீங்களே அறிவிப்பு விட வேண்டாம். வளிமண்டலவியல் திணைக்களம் சொல்வதைக் கேளுங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. கிராம அலுவலர் வெளியேறச் சொன்னால் வெளியேறுங்கள். உங்கள் எண்கள் பயன்படுவது வேறு இடத்தில்: இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிற அயலவரை எழுப்ப.

மழை விட்ட பிறகு

இடிமழைக்குப் பிறகு மின்னல் ஓய்ந்து 30 நிமிடம் கழிந்ததும் வெளியே வாருங்கள், அறுந்து கிடக்கிற மின்கம்பி எதையும் மிதிக்காமல். சூரியன் 42 பாகைக்குக் கீழே இருந்தால்தான் வானவில் தெரியும், அதாவது பின்னேரம் 3, 3.30 மணிக்குப் பிறகு, சூரியனுக்கு நேர் எதிரே. மழை கிழக்கே கடலுக்குப் போய்விட்டது, மேற்கே வெய்யில் எறிக்கிறது என்றால் கிழக்கே திரும்பி நில்லுங்கள், சூரியன் எவ்வளவு இறங்குகிறதோ வில் அவ்வளவு உயரும். பொழுது சாயும் நேரத்து வில் கிட்டத்தட்ட அரைவட்டமாக நிற்கும். வெளியே இரண்டாவது வில் தெரிந்தால் அதன் நிறங்கள் தலைகீழாக இருப்பதைப் பாருங்கள். கடந்து போன பட்டடையின் அடிப்பக்கத்தையும் ஒரு தடவை பார்க்க மறக்க வேண்டாம். சில நாள் அதில் பை பையாக முகில் கீழ்நோக்கித் தொங்கும், அந்திவெளிச்சம் பட்டால் அதைவிட அழகான ஒன்றை நான் வானத்தில் கண்டதில்லை.

பிறகு மழையை அளந்து எழுதுங்கள். நேரான பக்கம் உள்ள ஒரு தகர டப்பாவும் அடிமட்டமும் போதும், மரமும் கூரையும் இல்லாத இடத்தில் வையுங்கள். 1 மில்லிமீற்றர் என்பது ஒரு சதுர மீற்றரில் 1 லீற்றர் தண்ணீர். வளிமண்டலவியல் திணைக்களம் நாள் மழையைக் காலை 8.30இலிருந்து மறுநாள் காலை 8.30 வரை கணக்கெடுக்கிறது. நீங்களும் அந்த நேரத்துக்கே அளந்து, தண்ணீரை ஊற்றிவிட்டு டப்பாவை மீண்டும் வையுங்கள், அப்போதுதான் உங்கள் எண்ணை அவர்களுடைய எண்ணோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.